துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் மாமா சொன்னது எனக்கு இன்றும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. வெத்தலைகூடப் போடமாட்டான்." அது பொய்யில்லை. ஆனால் கல்யாணமாகி மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வீட்டுக்கு வந்த சில நாட்களில், கட்டிலுக்கு அடியில் பெருக்கப்போன என் துடைப்பத்தில் ஒரு துப்பாக்கி தட்டுப்பட்டது. இதை எந்தப் பழக்கத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ராணுவத்துக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவார்களே, அதே நீளம், அதே உருவம். ஒரு பழைய தம்புரா உறைக்குள் போட்டு வைத்திருந்தது. உறையைக் கட்டி இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, சாயங்காலம் வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு ஃபோன் பண்ணலாம் என்றால் என்னவென்று சொல்வது? அரசாங்க ஆபீசில் கணக்குப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றா?

அவர் வந்ததும் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"விளையாட்டுத் துப்பாக்கிதான். ஜப்பான்ல பண்ணினது. கப்பல்ல இருக்கிற சிநேகிதன் வாங்கிண்டு வந்தான். பிளாஸ்டிக் குண்டுதான் போடும்" என்று உள்ளங்கையில் நாலு குண்டுகளைக் கொட்டிக் காட்டினார். ஜவ்வரிசியைப் போல வெள்ளை, அதைவிடக் கொஞ்சம் பெரிது.

"இதை வச்சுண்டு என்ன பண்ணுவேள்?"

"சரி பண்ணுவேன்" என்றார்.

எதைச் சரிபண்ணுவார், அது என்ன ரிப்பேரா என்று கேட்டேன். ரிப்பேர் இல்லையாம். நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக ஆக்குவதாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

போகப் போகத் தெரிந்துகொண்டேன். கடையில் வந்தபடி அந்தத் துப்பாக்கியில் மிச்சமிருந்தது வெளி ஓடு மட்டும்தான். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதைவிட அழுத்தமான ஒன்றைப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் குழலுக்குப் பதில் பித்தளைக் குழல். அடிக்கட்டையைப் பழைய ஜன்னல் சட்டத்துத் தேக்கில் தானே செதுக்கி, உப்புத்தாள் போட்டு, கன்னம் வைத்தால் வழுக்குகிற மாதிரி இழைத்திருந்தார். குண்டு கிளம்புகிற இடத்தில் சைக்கிள் வால்வ் டியூப்பை ஒரு துணுக்கு வெட்டிச் செருகியிருந்தார். அந்த ரப்பரில் உரசினால் குண்டு சுழன்றுகொண்டு போகுமாம், சுழன்றால் சீக்கிரம் கீழே விழாதாம். இதை அரைமணி நேரம் எனக்கு விளக்கினார். ஆபீசில் இன்றைக்கு என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பதோடு முடித்துக்கொள்கிற மனுஷர்.

அதுதான் என்னைக் குடைந்தது. துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவருக்கு என்னிடம் பேச ஒன்றுமே இல்லையா? சமையல் நன்றாக இருக்கிறதா, இல்லையா? நான் கட்டியிருக்கும் புடவையின் நிறம் கண்ணில் படுகிறதா, இல்லையா? மாமனாரும் மாமியாரும் டில்லியில் மூத்த பிள்ளையோடு இருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆளாக அந்தத் தம்புரா உறை.

காஸ் கனெக்‌ஷனுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. பம்ப் ஸ்டவ்வில்தான் சமையல். ஒரு நாள் சாயங்காலம் பம்ப் அடிக்கிறேன், அடிக்கிறேன், காற்றே ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கவேண்டிய தோல் வாஷரைக் காணோம். மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே அவர் ஒரு குழந்தையின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டவ் வாஷர் இதுக்கு அளவெடுத்தாப்பல இருக்கு, பார். தேங்காய் எண்ணெயில ஊறப்போட்டு மாட்டினேன். காத்து துளிக்கூட வெளில போகலை."

"சாதம் எதுல வடிக்கறது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாண்டி பஜார் பக்கம் போய் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்தார். மறுநாள் புது வாஷரும் வந்தது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை, அதனால் மூன்றாம் நாள் நானே இறக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலுக்கு என்னையும் அழைத்துப் போனார். எங்கேயாவது வெளியே போகலாம் என்று நான் நச்சரித்ததற்கு அவர் கண்ட வழி அது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போன புதுப்பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டறைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சாருக்கு இந்தக் கொழா இதோட எத்தினி தபா கடைஞ்சி குடுத்துகீறேன் தெரியுமா மா? வாய்ல ஒரு பிசிறு இருந்தாலும் திருப்பி எத்துக்கினு வந்துருவாரு. கண்ணுக்கே தெரியாது, அவரு நகத்தால தடவியே கண்டுபுடிப்பாரு."

குழலின் வாய் சுத்தமாக இருக்க வேண்டும், அங்கே தூசு நின்றால்கூடக் குண்டு ஒரு பக்கமாகப் போய்விடும் என்று இவர் எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். புடவையில் மசகு படாமல் இருக்கிறதா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நவராத்திரி வந்தது. கீழ்வீட்டு மாமி கொலுவுக்கு அழைக்க வந்தவர், "உங்காத்துக்காரர் தம்புராவைத் தூக்கிண்டு பஸ் ஏறறதைப் பார்த்தேன். பாட்டு கத்துக்கறாரா?" என்றார். துப்பாக்கி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். மாமி விடுகிற ஆளா? கொலுவில் வந்து ஒரு பாட்டுப் பாடியே ஆகவேண்டும் என்றார். அவருக்குத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன். அன்று பூராவும் இவர் வாயைத் திறக்காததால் மாமி அதை நம்பினார்.

ஆயுத பூஜையன்று நான் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். அவருடைய திருப்புளிகளையும் அரங்களையும் பூஜைக்கு எடுத்து வைத்தேன். பிறகு ஏனோ கட்டிலுக்கு அடியிலிருந்து துப்பாக்கியையும் இழுத்தேன். கிண்டலாகத்தான் செய்தேனா, இல்லை, இதுவும் இந்த வீட்டில் ஒன்றுதானே என்று நினைத்தேனா என்று இப்போது யோசித்தாலும் தெளிவாகவில்லை. அடிக்கட்டையில் ஒரு பொட்டு, மேலே ஒரு பொட்டு, குழல் வாயில் மோதிர விரலால் வழித்து ஒரு பொட்டு. சந்தனம் கொஞ்சம் நீர்க்கக் கரைந்துவிட்டிருந்தது.

ஆபீஸ் பூஜைக்குப் போய்விட்டுப் பொரி கடலைப் பொட்டலத்தோடு வந்தவர் பூஜையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கோபமா, சந்தோஷமா? அந்த முகத்தில் எதையும் படிக்க எனக்கு இன்னும் பழகவில்லை. "பொரி நமுத்துடும், டப்பாவில போடு" என்று மட்டும் சொன்னார்.

பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் அவரும் தொடவில்லை. விஜயதசமியன்று புனர்பூஜை ஆனதும் மாடிக்கு எடுத்துப் போனார். துணி உலர்த்துகிற கொடியில் காலித் தீப்பெட்டிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுடுவது அவர் வழக்கம். ஒன்று விடாமல் அடிப்பார். அன்று ஒன்றுகூடப் படவில்லை. குண்டெல்லாம் இடது பக்கமாகவே போயின. அவர் குழலைத் திருப்பி உற்றுப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

அதிலிருந்து ஆபீஸ் விட்டு வந்தால் மாடிதான். ஒரு குட்டி அரத்தை வைத்துக்கொண்டு குறிபார்க்கிற முன்முனையை ராவுவார், தட்டுவார், சுட்டுப் பார்ப்பார், மறுபடி ராவுவார். காபி ஆறிப்போகும். நான் எதிரே போய் நின்றாலும் "ம்" என்பார். எனக்குப் பொறுக்கவில்லை. இவர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் இந்த வீட்டில் எதற்காக இருக்கிறேன்? நான் இல்லாமல் போனால் ஸ்டவ்வுக்கு வாஷர் மிச்சம் என்று நினைப்பாரோ?

தலை தீபாவளிக்கு மயிலாப்பூர் போகிறபோது அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு வேண்டியதை எடுத்துவைக்கிற சாக்கில் என் புடவை அத்தனையையும் பெட்டியில் அடுக்கினேன். கல்யாண போட்டோக்களை வைக்கலாமா வேண்டாமா என்று மட்டும் புரியாமல், வைத்தேன், எடுத்தேன், கடைசியில் அலமாரியிலேயே விட்டேன்.

தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம். ஆட்டோ வாசலில் வந்து நிற்கிறது, இவரைக் காணோம். பெட்டியை முன்பே இறக்கிவைத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. படியேறிப் போனேன்.

"ஏன்னா, ஆட்டோ வந்தாச்சு. இன்னிக்குமா இது?"

"வந்துட்டேன். நீ ஒண்ணு சுட்டுப் பாரேன்" என்றார்.

அத்தனை நாளில் அதை என் கையில் கொடுத்ததே இல்லை. அடிக்கட்டையைத் தோளில் பொருத்தி, கன்னத்தை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முன்முனை கோணலாக, நன்றாக இடது பக்கம் தள்ளி இருந்தது.

"இது கோணிண்டு இருக்கே."

"இருக்கட்டும். அதுக்கு நேராவே பார்த்துச் சுடு."

சுட்டேன். கொடியில் தீப்பெட்டி எகிறிச் சுழன்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தை மறந்து கேட்டேன்.

"கோணலா வச்சுண்டு எப்படி நேரே படறது?"

"குண்டு இடது பக்கம் போறது. அதுக்குத் தகுந்தாப்பல இதை நகர்த்தியிருக்கேன்."

"குண்டு ஏன் அப்படிப் போறது?"

அவர் குழல் வாயைத் திருப்பிக் காட்டினார். விளிம்பில், உட்புறமாக வழிந்து, கொஞ்சம் குங்குமத்தோடு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது, நான் வைத்த சந்தனம்.

"ஐயோ. ஈரத்துணியால துடைச்சா போயிடுமே."

"போயிடும்."

"பின்னே ஏன் துடைக்கலை?"

வால்வ் டியூப்பைப் பற்றி அரைமணி பேசுகிறவருக்கு இதற்கு வார்த்தை அகப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

"தெரியலை. நீ வச்சது. எடுக்க மனசு வரலை."

கீழேயிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "சார், நாழி ஆவுது. எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருக்கறது?"

குழல் வாயில் ஒரு பிசிறு பொறுக்காத மனுஷர் இத்தனை நாள் குறியைக் கோணலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இதை அப்போதே வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று எரிச்சலாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று புரியாமல் படியிறங்கினேன். போகிற போக்கில் அலமாரியை ஒரு தரம் பார்த்தேன், போட்டோக்கள் அங்கேயே இருந்தன.

ஆட்டோவில் இடம் போதாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ பனகல் பார்க்கைத் தாண்டியது. அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப கனக்கறது. திரும்பி வரச்சேயும் நான்தானே தூக்கணும்?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கத் தோன்றியது.

"நீங்கதான்" என்றேன்.

அவர் பெட்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.