மாமா சிவக்கவைத்த கொய்யா

என் மாமாவுக்கு ஒரு வித்தை தெரியும். வெள்ளைக் கொய்யாவை ஒரே கடியில் சிவப்புக் கொய்யாவாக மாற்றிவிடுவார். இதைச் சொன்னால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. கண்ணால் பார்த்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அந்த நாளில் நாங்கள் குடியிருந்த காக்ஸ் டவுனில் மார்கழிக் காலை என்றால் எதிர்வீடு தெரியாது. பனிக்குள்ளிருந்து முதலில் "சீபே ஹண்ணு" என்று கன்னடத்தில் குரல் மட்டும் வரும். வெகுநேரம் கழித்துத்தான் கொய்யாக் கூடையும் கூடைக்காரம்மாவும் வருவார்கள். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். கல்யாணமோ மாதா கோயில் தேரோ, அவர் ஊதாவிட்டால் ஊர்வலம் நகராது என்பது எங்கள் வீட்டாரின் எண்ணம். அவருக்கும் அதே எண்ணம்தான்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து பழத்தைக் கடித்துக் காட்டுவார். வெள்ளைச் சதையில் ஈரத்துணியில் சாயம் கசிகிற மாதிரி இளஞ்சிவப்பு மெல்லப் பரவும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு நானும் கடிப்பேன். என்னுடையது வெள்ளையாகவே இருக்கும். அழுகை வந்துவிடும்.

"எனக்கு எப்ப மாமா வரும்?"

"உனக்கு வரவே வேணாம் கண்ணு."

வித்தையைச் சொல்லித்தர மனசில்லாத கஞ்சர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. மற்றவர்களின் மாமாக்கள் பீடி நாற்றம் அடிக்க, என் மாமா எப்போதும் கிராம்பு மணத்தார். அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. அதுவும் கிராம்புதான் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. பேச்சில் சன்னமாக ஒரு விசில் சேர்ந்துகொண்டது. அதைக் கேட்கவே "சர்க்கரைன்னு சொல்லுங்க மாமா" என்று நச்சரிப்பேன்.

ஒருநாள் அம்மா வரும் சத்தம் கேட்டதும் கடித்த பழத்தை வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தார்.

"உங்கம்மா கிட்ட சொல்லிடாத கண்ணு. வெறும் சூடுதான். தெரிஞ்சா ஊத வேணாம்னு உட்கார வெச்சிடுவாங்க."

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த வருஷம் பற்கள் ஆடத் தொடங்கின. டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினாலே வலியில் கண் கலங்கியது. ஆஸ்பத்திரியில் முன்பற்கள் நான்கைப் பிடுங்கினார்கள். அந்தத் தடவை மாதா தேருக்கு வேறு யாரோ டிரம்பெட் ஊத, மாமா கடைசி வரிசையில் பித்தளைத் தாளம் தட்டிக்கொண்டு போனார். டிரம்பெட்டைவிடத் தாளம் இன்னும் பளபளப்பு என்று நான் கைதட்டினேன்.

அன்று சாப்பிடும்போது அம்மா அழுதாள்.

"ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சப்பவே வந்திருந்தா பல்லக் காப்பாத்தியிருக்கலாமாம், டாக்டர் சொல்றாரு. ஒரே வீட்ல இருந்தோம். ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

எத்தனை உறுதியாகச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன், பாருங்கள் என்பதுபோல மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்காமல் கையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அதில் வெகுநாள் வருத்தம்.