விரலில் சுற்றிய பட்டு நூல்

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பேனாக் கடை இருந்தது. எபோனைட் என்ற கெட்டி ரப்பர் குச்சியைப் பேனாவாக லேத்தில் கடைவது கணவர் வேலை. அது சுழலும்போதே தேய்த்து மெருகேற்றுவது என் வேலை. மற்றவர்கள் அதற்குக் கந்தல் துணிதான் வைப்பார்கள். எங்கள் தெருவிலோ தறிக்காரர்கள் கழித்துப்போட்ட பட்டு நூல் இறைந்து கிடக்கும். பளபளப்பு கூடுகிறதே என்று அதையே விரலில் சுற்றிக்கொண்டு தேய்ப்பேன்.

அன்று கணவர் வெளியே போயிருந்தார். மறுநாள் மகளுக்குப் பரீட்சை என்று நெசவாளர் ஒருவர் புதுப் பேனாவுக்காக எதிரே காத்திருந்தார். முடியும் தறுவாயில் நூல் பேனாவில் சிக்கியது. கந்தலாக இருந்தால் கிழிந்திருக்கும். பட்டு அறவில்லை. லேத்தைச் சுழற்றும் பெல்ட் வழுக்கி வழுக்கிச் சுற்ற, ஒவ்வொரு இழுப்புக்கும் விரல் இறுகியது. சுவிட்ச் எட்டவில்லை. விரல் நுனி கறுத்தது.

நெசவாளர் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி பேனாவில் விழுந்தது. அது முறிந்து விழ, நூல் உருவிக்கொண்டு வந்தது.

"விரலை மடக்கிப் பாரும்மா" என்றார்.

மடங்கியது. "உங்க பொண்ணுக்கு நாளைக்கு..." என்று இழுத்தேன்.

"பழசு ஒண்ணு இருக்குது, கொஞ்சம் கசியும். அதுலயே எழுதிக்கும்" என்றவர், முறிந்த பேனாவைப் பார்த்தார். "நூலை அறுக்க எனக்குக் கை வராதும்மா. அதான் இதை உடைச்சேன்."

அதன்பின் கந்தலால் தேய்த்த எங்கள் கடைப் பேனா எதுவும் அவ்வளவு பளபளத்ததில்லை. யாராவது குறை சொன்னால் விரலை மடக்கிப் பார்த்துக்கொள்வேன்.