மேலகரத்தில் கேட்ட ரங்கூன்

ரேடியோ ரிப்பேர் கடைக்கு, செட் நன்றாகப் பாடுகிறது என்று சொல்ல யாரும் வருவதில்லை. அறுபதுகளில் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த எனக்கும் அப்படித்தான். பழுதுபார்த்துப் பிழைத்து, வாடிக்கையாளர்களிடம் பாட்டு வாங்கிய அனைவருக்கும் என் அனுதாபம்.

குற்றாலத்து ரசிகர்

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் அடிக்கடி ஆள் அனுப்புவார். மாடியில் கட்டிய ஏரியல் கம்பியைக் குரங்கு பிடுங்கிவிடும். உயரமான மூங்கில் கழி நட்டு, இனி எட்டாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் அவரே வந்தார்.

"கழி மேலயே ஏறி உக்காந்துக்கிடுது அண்ணாச்சி. பாட்டுன்னா சும்மா இருக்கு, செய்தி வாசிச்சாத்தான் பிடுங்குது."

தெரியாத பாஷை

மேலகரம் செல்லத்தாயின் கணவர் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பர்மாவில் சுதந்திரம் வந்த நாளிலிருந்தே உள்நாட்டுச் சண்டை. கடிதம் வந்து மூன்று மாதமாகிறது என்று, அவர் வாங்கிக் கொடுத்த செட்டோடு வந்தாள். ரங்கூன் நிலையத்தைப் பிடித்துத் தரவேண்டுமாம்.

சிற்றலையில் தேடிப் பிடித்து, டயல் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். பர்மா பாஷை தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியும்? ரேடியோவுல பாட்டு ஓடுனா ஊரு நல்லாருக்குன்னு அர்த்தம்னு அவிய சொல்லிட்டுப் போயிருக்காவ."

ஒரு சுற்று நூல்

அந்தச் சாரல் சீசனில் ஈரம் பட்டு, முள்ளை இழுக்கும் டயல் நூல் அறுந்துபோய் செட் திரும்பி வந்தது. புது நூல் போட்டுக் கொடுத்தேன்.

மறு வருடம் ரங்கூனில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. என் கடை செட்டில் ரங்கூனைத் திருப்பினால் பாட்டே இல்லை. பட்டாளத்துப் பேண்டு வாத்தியமும் அறிவிப்பும்தான். செல்லத்தாய் என்ன பாடுபடுகிறாளோ என்று சைக்கிளில் போனேன். அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். செட்டில் ஒரு பெண் குரல் இழைந்து பாடிக்கொண்டிருந்தது. முள் கோட்டின் மேல்தான் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. நூலை ஒரு சுற்று குறைத்துச் சுற்றியிருக்கிறேன்; முள் இடம் தள்ளிக் காட்டுகிறது. கோட்டுக்கு நேரே இத்தனை மாதமும் கேட்டது வேறு ஏதோ தேசம். குமிழில் கை வைத்தேன். திருப்பாமல் எடுத்துவிட்டேன்.

"பேப்பர்காரன் என்னத்தையோ எழுதுதான் அண்ணாச்சி. இங்கன பாட்டு ஓடுது பாருங்க."

புண்ணியவான்

நடுவில் இரண்டு கடிதம் வந்தது. இரண்டு வருடம் கழித்து, ரங்கூன் கடையை அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கொள்ள, கணவர் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து சேர்ந்தார். ரேடியோவைப் போட்டதும், "இது பர்மா பாஷையே இல்லையே" என்றாராம். இருவரும் செட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். செல்லத்தாய் அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவினாள்.

"இத்தன நாளும் எனக்குப் பாட்டுப் போட்ட புண்ணியவான் எந்த ஊருக்காரன்? அந்த ஊரு பேரையாவது சொல்லுங்க அண்ணாச்சி."

அந்தப் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் தொழிலில் யாரும் குறை சொல்லாத ரிப்பேர், நான் தப்பாகச் செய்த அந்த ஒன்றுதான்.