மில் இரைச்சலில் சொன்ன பெயர்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே வன்னியம்பட்டி.

காலையில் நன்றாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய என் கணவர், மாரடைப்பில் பஸ் ஸ்டாப்பிலேயே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போகும்போதும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும், "எப்பிடிம்மா ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்டார்கள். நானும் காபியில் தொடங்கி, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னேன். "கல்லு மாதிரில்லா இருக்கா" என்று வாசலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்கே என்மேல் பயம் வந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, நெஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தது. மன அமைதிக்கு என்று ஓர் உறவினர் வாட்ஸ்அப்பில் தியான வீடியோ அனுப்பினார். கண்ணை மூடினால் எனக்குப் பஸ் ஸ்டாப்தான் தெரிந்தது.

இப்படியே போனால் புத்தி பேதலித்துவிடும், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்புறம் யார் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

"முப்பதாம் நாளு கூடக் கழியலை, அதுக்குள்ள மில்லுக்கா? ஊரு என்ன சொல்லும்?" என்றார் மாமியார்.

"ஊரு சொல்லுதத வந்து கேட்டுக்கிடுதேன் அத்தை" என்று மில் வேனில் ஏறினேன்.

நூல் நூற்கும் மிஷின்கள் ஓடும் இடத்தில், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பஞ்சுத் தூசிக்குக் கட்டிய முகக்கவசத்தை இறக்கிவிட்டு உதட்டை அசைத்தால், எதிரே நிற்பவர் பார்த்தே புரிந்துகொள்வார். நாத்தனார் சண்டை முதல் நேற்று வைத்த குழம்பு வரை அப்படித்தான் எங்களுக்குப் பேச்சு.

அன்று அறுந்த நூலை ஒட்டக் குனிந்தேன். மூச்சு முட்டியது. முகக்கவசத்தை இழுத்துவிட்டேன். அவ்வளவுதான், அலறிவிட்டேன். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினேன். யாருக்கும் கேட்கவில்லை. என் காதுக்கே கேட்கவில்லை.

நிமிர்ந்தால், எதிர் மிஷினில் நின்ற செட்டியார்பட்டி அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் வாயைப் பொத்தினேன். அவர் ஓடி வந்து கட்டிப்பிடிக்கவில்லை. 'அழு' என்று உதட்டை அசைத்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் உதட்டைப் படிக்கக் கூடாது என்றுதான். அதன்பின் என் பக்கம் பார்க்காமலே, என் மிஷினில் அறுந்த நூல்களையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு நடந்தார். சூப்பர்வைசர் வந்தபோது கைச்சாடையில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். நான் சுவரோரம் நின்று அழுது தீர்த்தேன்.

டீ நேரத்தில் அக்கா, "அவிய பேரு எம்புட்டு நல்லாருக்கு" என்றார். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. "நாளைக்கும் வந்துச்சுன்னா அழு. ஒன் மிஷின நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிப்போனேன்.

துக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் நெஞ்சை அடைப்பதில்லை. இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால் நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நேரே பின்பக்கம் போய், குவிந்து கிடக்கும் பாத்திரங்களைத் துலக்க உட்கார்ந்துவிடுகிறேன், உள்ளே அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று.