கப்பலில் நிறுத்திய மாத்திரை

இதயம் பலவீனமாகி, மாத்திரைகளின் தயவில் தேறி வருபவன் நான். எங்கள் தீவின் டெலானிபூர் மேட்டை நிற்காமல் ஏறும் அளவுக்கு முன்னேற்றம். அந்தப் பெருமையைச் சென்னை டாக்டரிடம் காட்டத்தான் மனைவியோடு கப்பல் ஏறினேன்.

அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பில் கழிப்பறை கோடியில் இருந்தது, கப்பலோ ஆடியது. நீர் பிரியும் மாத்திரையை மட்டும், யாரையும் கேட்காமல், கரை சேரும்வரை நிறுத்தினேன். கேன்டீன் ஊறுகாயையும் ஒரு கை பார்த்தேன்.

மறுநாள் மாலை செருப்புக்குள் கால் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது.

"கப்பல் மயக்கம்தான்" என்றேன்.

"மயக்கம் காலிலயா வரும்? எந்திரிங்க!" என்று மனைவி கப்பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

அவர் நடந்ததைக் கேட்டு, ஊசி போட்டபடி, "அங்கிள், மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டர் யாரு?" என்றார்.

"இவரேதான். பெரிய ஸ்பெஷலிஸ்ட்" என்றாள் மனைவி.

சென்னை டாக்டரும் விடவில்லை. "இதயம் தேறியிருக்கு. தேற வச்சதே மாத்திரைங்கதான். நீங்களா நிறுத்தினா திரும்பப் பழைய கதைதான்."

இப்போது எந்த மாத்திரையையும் கேட்காமல் நிறுத்துவதில்லை. கப்பல் டிக்கெட் எடுக்கையில், எல்லோரும் வேண்டாமென்று ஓடும் கழிப்பறையோரப் படுக்கையைக் கேட்டு வாங்குகிறேன். வாசனை கொஞ்சம் தூக்கல்தான். முகர்ந்து பார்க்க மூச்சு இருக்கிறதே, அது போதும்.