ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன்

நாங்கள் குடிவந்திருக்கும் இந்த இங்கிலாந்து ஊரில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். பப்ளிக் அதற்குள் நுழைய முடியாது. வந்த வாரம் இதைக் கேட்டுச் சிரித்தேன். இன்னொரு வார்த்தை என் மகளைக் கொண்டுபோய் எங்கே உட்காரவைக்கும் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

யாழினிக்குப் பதிமூன்று வயது. இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, பழைய பள்ளியில் அவளுக்குக் கூடுதல் உதவி ஏதாவது கிடைத்ததா என்று ஹெலன் என்ற ஆசிரியை கேட்டார். “ஸ்பெஷல் கிளாஸ், தினமும் இரண்டு வேளை” என்றேன் பெருமையாக. அவர் முகம் இளகியது. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் நன்னிலத்தில் ஸ்காலர்ஷிப் பரீட்சைக்காக, நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்து நடத்தியதுதான் அந்த ஸ்பெஷல் கிளாஸ். காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவேன். குறுவை அறுவடையின்போது அறுப்பு மிஷின் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். வாய்க்கால் கரை மேலேயே வண்டியை விடுவேன். தாமதமானால் இடம் போய்விடுமோ என்று பயம்.

பள்ளியில் சேர்ந்த மூன்றாவது வாரம் யாழினி சொன்னாள்: “கணக்கு பீரியட் வந்தா என்னைத் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. ஒம்போதுல நாலு போனா எவ்வளவுன்னு கேக்குறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அஞ்சுன்னேன். கை தட்டுறாங்கம்மா.”

மறுநாளே போய் நின்றேன். ஹெலன் அந்தத் தனி அறையிலேயே என்னையும் யாழினியையும் உட்காரவைத்துப் பேசினார். மூலையில் ஒரு சிறுமி படம் வரைந்துகொண்டிருந்தாள். “நீங்கள்தானே ஸ்பெஷல் கிளாஸ் என்றீர்கள்?” என்றார். இங்கே அது கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானதாம்.

“அவள் வயதுக்கு ஏற்ற கணக்கு ஒன்றையாவது கொடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். மூன்று வாரம்! எங்கள் நிறமும், நான் தட்டித்தடுமாறிப் பேசிய ஆங்கிலமும் அவர்களுக்குப் போதுமான சான்றாகிவிட்டன. “சின்ன மொழிக் குழப்பம்” என்று அவர் சிரித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “என் மகள் இந்த அறையில் உட்கார வேண்டியவள் இல்லை, அவளுக்கு மூளை இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன்.

அன்றே அவளுக்குப் பரீட்சை வைத்தார்கள். திங்கட்கிழமை முதல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு வகுப்பில் இடம். ஜெயித்த மிதப்பில் அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் யாழினி சொன்னாள்:

“அங்க படம் வரைஞ்சிட்டிருந்தாளே, அவ பேரு பெத். வந்த நாள்லேர்ந்து எங்கூட உக்காந்து சாப்பிடுற ஒரே ஆளு. மூளை இருக்குன்னு சொன்னல்ல? அவளுக்கு இங்கிலீஷ் நல்லாவே புரியும்மா.”

ஹெலன் மீதான கோபம் இன்றுவரை தணியவில்லை. அதில் ஒரு பங்கு அன்று என் பக்கம் திரும்பியது. அன்று நான் காப்பாற்றியது ஒரு பிள்ளையை. மதிப்புக் குறைத்துப் பேசியது இன்னொரு பிள்ளையை.

திங்கட்கிழமை மாலை பள்ளி வாசலில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆங்கிலத்தை வார இறுதி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். பெத் முன்னால் நின்றதும் வாயில் வந்தது, “மன்னிச்சுக்கம்மா” மட்டும்தான்.

பெத் யாழினியைப் பார்த்தாள். யாழினி மொழிபெயர்த்தாள். நான் சொன்னதைவிட அது ரொம்ப நீளமாக இருந்தது.