தேடியும் கிடைக்கவில்லை

கல்லூரி நூலகத்தில் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து புத்தகம் படிப்பது என்று நினைக்கிறவர்களுக்கு, அந்த மின்விசிறியைச் சுற்றவைக்க எத்தனை விண்ணப்பம் எழுத வேண்டும் என்று தெரியாது.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி, நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்வருகிறேன். நூலக உதவியாளர், ஒப்பந்த வேலை. எம்.ஏ. பிள்ளைகளுக்கு, புராஜக்ட் எழுத ஆதாரங்களை எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. இதே வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், முழுக்கப் படிக்காமலே தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் ஒரு பெருமூச்சு விட்டால் போதும்.

முதல் வகுப்பு

முதல் வருடம் நான் மிகுந்த ஆசையோடு தயாரித்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் தலைப்பைப் போட்டுத் தேடுவது, ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடுவது, எண்ணைப் பார்த்து அலமாரிக்குப் போவது, ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி அடுத்த புத்தகத்தைப் பிடிப்பது. தொண்டை வற்ற ஒரு மணி நேரம் பேசினேன்.

சந்தேகம் உண்டா என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் மரியாதையாக எழுந்து நின்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒருவனாவது கேட்கிறானே என்று.

“அக்கா, போன வருசத்து புராஜக்ட் எல்லாம் எந்த ரேக்கில கெடக்கு? அத மட்டும் காட்டித் தந்தா நாங்க பாத்துக்கிடுவோம்.”

இதர மொழிகள்

எங்கள் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. கம்ப்யூட்டரில் ஏற்றியவருக்குத் தமிழ் தெரியாததால், தலைப்புகளை ஆங்கில எழுத்தில் தன் காதுக்குக் கேட்டபடி அடித்து வைத்திருந்தார். ‘பள்ளம்’ என்று தேடினால் வராது, ‘பழம்’ என்று தேடினால் பள்ளம் வரும். புத்தகங்களோ ‘இதர மொழிகள்’ என்று பெயர் ஒட்டிய இருட்டறையில், உடைந்த நாற்காலிகளோடு கிடந்தன.

வேறு வேலை இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தி, வெளி அலமாரிக்குக் கொண்டுவருகிறேன் என்று தலைமை நூலகரிடம் கேட்டேன். நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்த நேரம். அவர் அந்தப் பத்திரிகையை ஓரமாக நகர்த்தி, தன் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, வாசிக்க ஆள் எங்கே என்கிற மாதிரி மலையாளத்தில் கேட்டார்.

“தமிழொக்கெ இவிட ஆரு வாயிக்கானா?”

அம்மையின் கை

சொல்லிக்கொடுத்ததை உள்ளபடியே கற்றுக்கொண்டவள் என்றால் ஷைனிதான். பாறசாலைப் பிள்ளை. அவளுடைய அம்மை களியக்காவிளைப் பக்கத்தில் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கப் போகிறவர். தமிழ்நாட்டு எல்லை தாண்டி அண்டியாபீஸுக்குப் போகிற பெண்களைப் பற்றித்தான் ஷைனி புராஜக்ட் எழுதினாள்.

முதலில் அவளுக்குத் தேடவே தெரியாது. ‘முந்திரி’ என்று போட்டு, பாயசம் வைக்கும் முறைகளில் போய் மாட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து ஒரு புத்தகம், அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய தொழிலாளர் விசாரணை அறிக்கை. அந்த அறிக்கை எங்கள் இருட்டறையிலேயே, நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. தும்மிக்கொண்டே இழுத்து எடுத்தோம். கொட்டையின் பால் பட்டு விரல் வெந்து கறுத்துப்போவதைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. ஷைனி தரையிலேயே உட்கார்ந்து அதை வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, எனக்க அம்மைக்க கையப் பத்தி ஆரோ எழுதி வச்சிருக்காவ.”

சாரின் கட்டுரை

ஷைனியின் கைடு ஒரு பேராசிரியர். அவரும் முந்திரித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். பதவி உயர்வுக்கு அதுவும் கணக்கில் வந்தது. அந்தக் கட்டுரையையும் அதில் சொல்லியிருக்கும் நூல்களையும் உன் புராஜக்டில் சேர்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னார். கண்ணால் பார்க்காத புத்தகத்தின் பெயரை எழுதக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எனவே அவள் தேடினாள். நானும் தேடினேன். சில புத்தகங்கள் எங்குமே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டோம், இல்லை. பதிப்பகத்துக்கு எழுதினோம். நாங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் மட்டும்தான் போடுகிறோம் என்று பதில் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் கட்டுரை எழுதித் தரும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன அல்லவா, அவை ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் சேர்த்து, பிறக்காத புத்தகத்துக்கு ஜாதகமே எழுதித் தரும். ஷைனிக்கு மட்டும் அது புரியவில்லை. “நாம தேடினது சரியில்லாம இருக்கும் அக்கா, இன்னொருக்கா பாப்போம்” என்றாள்.

நான் சாரின் அறைக்குத் தனியாகப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக, அந்தப் பெயர்களில் ஏதோ பிழை இருக்கிறது என்றேன். அவர் கோபப்படவே இல்லை. சிரித்தார்.

“புஸ்தகம் எடுத்துக் குடுக்கதாக்கும் உங்க ஜோலி. வாயிக்கது இல்ல.”

வைவா

கிடைக்காத புத்தகத்தை என்ன செய்வது என்று ஷைனி கேட்டாள். உள்ளதை எழுது என்றேன். அவள் சாரின் கட்டுரையைக் குறிப்பிட்டு, அதன் கீழே, ‘இதில் சொல்லப்படும் சில நூல்கள் தேடியும் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தாராம். சார் கொஞ்சமும் அசையவில்லை. எங்கள் நூலகம் சிறியது, பிள்ளைக்குத் தேடவும் தெரியாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். பாஸ் மார்க்குக்கு மேல் கொஞ்சம் போட்டார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க அது போதாது.

தேர்வாளர் சாரோடு டீ குடிக்க எங்கள் பக்கம் வந்தபோது, பதிப்பகத்தின் பதிலை அவர் முன் நீட்டினேன். அவர் அதைப் பாதி வாசித்தார், சாரைப் பார்த்தார், மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“இங்க பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் போடலியா?”

பயிலரங்கம்

அந்தக் கேள்வி பிரின்சிபல் காது வரை போயிற்று. நடவடிக்கை உடனே வந்தது. ஆதாரங்களைத் தேடுவது எப்படி என்று ஒரு பயிலரங்கம். பொறுப்பாளர் சார். என்னை அந்த வகுப்பிலிருந்து எடுத்து, நூலக வாசலில் பை வாங்கி வைக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். பயிலரங்கத்துக்கு மைக் வைத்ததும் நாற்காலி போட்டதும் நான்தான்.

அன்றைக்குத்தான் ஷைனி புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உள்ளே சாரின் குரல் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. களியக்காவிளையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். “மக்கா, இதை இப்பிடி விடப்பிடாது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் எழுது, நான் கையெழுத்துப் போடுதேன்” என்றேன். அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. அதுக்கும் ஆதாரம் கேப்பாவ.”

தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் உண்டு, இல்லாத புத்தகத்துக்குப் பதவி உயர்வு உண்டு என்பதுதான் இத்தனை வருடம் தேடியதில் எனக்குக் கிடைத்த ஒரே நம்பகமான தகவல்.